திறப்பு விழாவுக்குப் பிறகு என்ன ஆனது?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதலீடு 6.64 லட்சம் கோடி ரூபாய் என்றும், நேரடியாகவும் மறைமுகமாகவும் கிடைக்கப்போகும் வேலைகள் 26.9 லட்சம் என்றும் அரசு அறிவித்தது. அதில் எவ்வளவு வந்தது, எவ்வளவு காகிதத்தோடு நின்றது என்ற வாக்குவாதம் அன்று முதல் ஓயவில்லை. நடக்க வேண்டிய வாக்குவாதம்தான். ஆனால் தமிழ்நாட்டில் இன்னோர் அலுவலகம் இருக்கிறது. அதனிடம் இப்படியொரு கேள்வியைச் சட்டப்பேரவையிலும் கேட்பதில்லை, தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்பதில்லை. மாவட்டத் தலைநகர்களில் இயங்கும் மாவட்டத் தொழில் மையம்தான் அது. எத்தனை விண்ணப்பங்கள் வங்கிக்குப் பரிந்துரைக்கப்பட்டன, எத்தனைக்குக் கடன் ஒப்பளிப்பானது, எத்தனை கோடி மானியம் விடுவிக்கப்பட்டது என்று கேட்டால் அங்கே திட்டவாரியாகப் பதில் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மானியம் வாங்கிய பட்டறைகளில் எத்தனை இன்றும் ஓடுகின்றன, மூன்று பேரோடு தொடங்கியவர்களில் எத்தனை பேர் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், அதற்கான கோப்பே கிடையாது. வேலைவாய்ப்புக்கென ஏற்பட்ட அலுவலகம் வேலையை எண்ணாமல் கடனை எண்ணிக்கொண்டிருக்கிறது. நடவு நட்ட பரப்பைக் குறித்துவைத்துவிட்டு, களத்துக்கு எத்தனை மூட்டை வந்தது என்று பார்க்காமலே விட்டுவிடுவது போன்ற கணக்கு இது. எண்ணும் பொருளை மாற்றாமல் இந்த அலுவலகத்தின் வேலையை மாற்ற முடியாது என்பதுதான் என் வாதம்.

இந்த மையங்கள் மானியம் கொடுப்பதற்காகப் பிறந்தவை அல்ல. ஜனதா அரசு 1977 டிசம்பரில் ஒரு தொழிற்கொள்கை அறிக்கை வெளியிட்டது. அப்போது தொழில் துறை ஜார்ஜ் பெர்னாண்டஸ் வசம் இருந்தது. சிறுதொழில் செய்ய நினைப்பவர் டெல்லிக்கும் மாநிலத் தலைநகருக்கும் அலையக் கூடாது. கடன், மூலப்பொருள், இயந்திரம், தொழில்நுட்ப ஆலோசனை, சந்தை ஆகிய எல்லாவற்றுக்கும் சொந்த மாவட்டத்திலேயே ஒரே கூரையின்கீழ் வழி பிறக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. 1978 மே மாதம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் ஒதுக்கீடு இருந்த காலம் அது. அந்த ஒதுக்கீட்டுக் கடிதத்துக்காகவாவது தொழில் நடத்துபவர் ஒவ்வொருவரும் மையத்தின் படியேற வேண்டியிருந்தது, அதனால் அதிகாரிக்கும் ஊரில் ஓடும் பட்டறைகள் தெரிந்திருந்தன. 1991-க்குப் பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்தன, நல்லதுதான். ஆனால் நடந்துகொண்டிருக்கும் தொழிலோடு மையத்துக்கு இருந்த அன்றாடத் தொடர்பும் அதோடு அறுந்தது. மிஞ்சியது புதிதாகத் தொடங்குபவருக்கான மானியக் கடன். வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், நீட்ஸ், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், கலைஞர் கைவினைத் திட்டம் என்று வரிசை நீள்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் இலக்கு உண்டு. விண்ணப்பதாரரைத் தேடிப்பிடித்து, திட்ட அறிக்கையைச் சரிபார்த்து, வங்கிக்கு அனுப்பி, வங்கி மேலாளர் இழுத்தடித்தால் பின்னால் அலைந்து, மார்ச் மாதத்துக்குள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். அதிகாரிகளை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலிடம் எதைக் கேட்கிறதோ அதைத்தான் கீழிடம் செய்யும்.

இந்தியத் தொழில்துறையின் நோய் பிறப்புக் குறைவா, வளர்ச்சிக் குறைவா என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சாங்-டாய் ஷியே, பீட்டர் க்ளெனோ இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 40 ஆண்டுகளாக ஓடும் ஒரு தொழிற்சாலையில், ஐந்து வயதுக்கு உட்பட்ட தொழிற்சாலையைப் போல ஏழு மடங்குக்கும் அதிகமானோர் வேலை செய்கிறார்கள். இந்தியாவில் அதே வயது இடைவெளியில் வளர்ச்சி ஏறக்குறைய இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை இன்னும் கடுமையாகப் பேசியது. பத்து ஆண்டு கடந்தும் நூறு பேருக்குக் குறைவாகவே வேலை கொடுக்கும் நிறுவனங்களை அது ‘குள்ளர்கள்’ என்றே அழைத்தது. நாகரிகமான சொல் அல்ல, ஆனால் எண்கள் உண்மை. அமைப்புசார் உற்பத்தித் துறை நிறுவனங்களில் பாதிக்கு மேல் இவைதான், வேலைவாய்ப்பில் இவற்றின் பங்கோ 14 விழுக்காடு மட்டுமே. சலுகைகளை வயது வரம்பு வைத்து நிறுத்தினால் இவை வளரத் தொடங்கும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. வளராமல் இருப்பது பெரும்பாலான முதலாளிகளின் தந்திரம் அல்ல, அவர்களின் இயலாமை. பத்தாவது ஆளைச் சேர்த்தால் இ.எஸ்.ஐ. வந்துவிடும், இருபதாவது ஆளைச் சேர்த்தால் பி.எஃப். வந்துவிடும் என்ற அச்சம் இருப்பது மெய்தான். ஆனால் இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 விழுக்காடு. ஆர்டர் கையில் நிற்கிறது, ஆள் சேர்த்தால் லாபம் உறுதி என்று தெரிந்தவர் அதற்காகப் பின்வாங்க மாட்டார். ஆர்டர் நிற்குமா, பணம் வருமா என்று தெரியாதவர்தான் பின்வாங்குவார்.

அந்தப் பணம் வரும் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டின் குறுந்தொழிலைத் தடுத்து நிறுத்தும் சுவர்களில் அதுவே உயரமானது. கோவையிலோ ஓசூரிலோ அம்பத்தூரிலோ நான்கு லேத் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு வாடிக்கையாளர் ஒருவரோ இருவரோதான். பொருளை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வழக்கை விசாரிக்க மாநில அரசின் வசதியாக்கல் மன்றம் இருக்கிறது. மாநிலத் தொழில் துறை இயக்குநர் அல்லது அவருக்கு இணையான அதிகாரியே அதன் தலைவர். 90 நாளில் தீர்ப்பு வர வேண்டும் என்று கெடுவும் உண்டு. எழுத்தில் இதைவிட வலுவான சட்டம் வேண்டியதில்லை. ஆனால் தன் வருமானத்தில் முக்கால் பங்கைத் தரும் கம்பெனியின் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் எந்தப் பட்டறைக்காரர் அங்கே போய் ஆர்டர் கேட்பார்? நிலுவைத் தொகைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து மத்திய அரசு விதித்ததுகூட, புகார் கொடுக்காமலே பணம் வரட்டும் என்பதற்காகத்தான். பணம் வரத் தாமதமானால் பட்டறைக்காரர் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுகிறார். வட்டி கட்டும் தொகைதான் அவர் வாங்கியிருக்க வேண்டிய அடுத்த இயந்திரம். இதோடு 2022 செப்டம்பரில் உயர்ந்த மின் கட்டணத்தின் நிலைக் கட்டணச் சுமையும் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் மாநிலம் தழுவிய ஒரு நாள் கதவடைப்பு வரை அது போனது. அந்த நாட்களில் தொழில் அமைப்புகள் மின்துறையோடும் முதல்வர் அலுவலகத்தோடும் நேரடியாகப் பேசின. சிறுதொழிலுக்காகவே மாவட்டந்தோறும் இருக்கும் ஓர் அலுவலகம் அவர்கள் சார்பாகப் பேசும் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை. அதன் இன்றைய இடம் என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓடுகிற தொழிலுக்கு அரசு கை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. நொய்யலை மாசுபடுத்தியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றதால் பின்னலாடை நகரமே தடுமாறியது. அப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. புதிதாக ஒரு கம்பெனியும் அதனால் பிறக்கவில்லை, ரிப்பன் வெட்டவும் ஒன்றுமில்லை. ஆனால் கழிவுநீரை வெளியேற்றாமல் மறுசுழற்சி செய்யும் முறைக்குத் திருப்பூர் மாறி நின்றதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒரு பட்டறை தனியாகக் கட்ட முடியாத ஒன்றை நூறு பட்டறைகளுக்குச் சேர்த்துக் கட்டுவதுதான் அரசால் மட்டுமே முடிகிற வேலை. நதியை முதலிலேயே காத்திருந்தால் அந்த நெருக்கடியே வந்திருக்காது என்பதும் உண்மை, அது வேறு கட்டுரைக்குரியது.

தொழிலின் தடையை அரசு நீக்கித் தருவது என்ற இந்த யோசனை புதுமையானதும் அல்ல. இந்தியாவில் தொழில் துறை என்ற ஒன்றை முதன்முதலில் சோதித்துப் பார்த்த மாகாணங்களில் சென்னைக்கு முன்வரிசை இடம் உண்டு. பொறியியல் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். தொழில் நிலைபெற்றதும் அது தனியாரிடம் கைமாற்றப்பட்டது. அடுத்து குரோம் முறைத் தோல் பதனிடல், சேலத்தில் கைத்தறிச் சோதனைகள், கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சின் பம்பு என்று தொடர்ந்தார். 1908-ல் உதகையில் நடந்த தொழில் மாநாட்டுக்குப் பின் அவர் தலைமையில் தனித்துறையே உருவானது. தனியார் தொழிலோடு அரசு போட்டி போடுவதா என்று ஐரோப்பிய வணிகர்கள் கூச்சலிட, 1910-ல் இந்தியச் செயலர் மார்லி பிரபு அதற்குத் தடை போட்டார். தொழில்முறைகளைக் கற்பிக்கலாம், வணிகத்தில் இறங்கக் கூடாது என்பது அவர் விதித்த எல்லை. அந்தத் தடையைக் காலனிய நலன் என்று இன்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் சாட்டர்டன் செய்ததில் கவனிக்க வேண்டியது வேறு. அவர் கடன் மேளா நடத்தவில்லை. ஒரு தொழிலில் எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதை அவிழ்த்துக்காட்டி, ஓடத் தொடங்கியதும் விலகினார். மானியம் அதற்குப் பிறகு வந்த பழக்கம். தொழில்களுக்கு அரசு உதவி வழங்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1922-ல் இயற்றியதிலிருந்து, கடனே உதவி என்ற மனப்பாங்கு கொஞ்சம் கொஞ்சமாக வேரூன்றிவிட்டது.

பெருந்தொழில்தானே பெருமளவில் வேலை தருகிறது, அரசின் கவனமும் பணமும் அங்கே போவதில் தவறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. தவறே இல்லை. நாட்டிலேயே தொழிற்சாலைகள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு, ஆலைப் பணியாளர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் இங்கே இருக்கிறார்கள். முதலீட்டாளர்களை அழைத்துவர 1992-ல் அமைந்த வழிகாட்டி (கைடன்ஸ்) அலுவலகமும், 1971-ல் பிறந்த சிப்காட்டும் இல்லாமல் ஃபோர்டும் ஹூண்டாயும் இங்கே இத்தனை எளிதாக வந்திருக்காது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்த பிறகு அதைச் சுற்றி உருவான உதிரிபாகத் தொழிலையும் மறுக்க முடியாது. ஆனால் பெரிய கம்பெனி வந்ததாலேயே பக்கத்துப் பட்டறை அதற்குச் சப்ளையர் ஆகிவிடாது. தரச் சான்று, அளவுத் துல்லியம், குறித்த நாளில் டெலிவரி என்ற மூன்று படிகளை அது ஏறியாக வேண்டும். ஏற்றிவிட ஆள் இல்லையென்றால் கொரியாவிலிருந்தோ தைவானிலிருந்தோ சப்ளையரும் கூடவே வருவார். எனவே வழிகாட்டி அலுவலகமும் மாவட்டத் தொழில் மையமும் எதிரெதிர் அல்ல, ஒன்றின் பேரத்தை மற்றொன்று பயன்படுத்த வேண்டும். பெருநிறுவனங்களுக்கு மாநில அரசு மூலதன மானியமும் நிலச் சலுகையும் மின்சார வரி விலக்கும் தருகிறது. அந்தச் சலுகைத் தொகுப்பின் அடுத்த தவணையை விடுவிக்கும் முன், குறு, சிறு சப்ளையர்களுக்கு 45 நாளில் பணம் கொடுத்ததற்குக் கணக்காயர் சான்று கேட்டால் போதும். எந்தப் பட்டறைக்காரரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, யார் பெயரும் வெளியே வராது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் இதே விதிக்குத் தங்களை உட்படுத்திக்கொண்டால்தான் மற்றவர்களிடம் கேட்கும் தகுதி வரும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மானியக் கடன் திட்டங்கள்தான் தலித் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கும் திறந்திருக்கும் ஒரே கதவு. ஓடும் தொழிலுக்குக் கவனத்தைத் திருப்பு என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கே மேலும் கொடு என்றுதானே பொருள் என்பார்கள். நியாயமான கவலை. தமிழ்நாட்டில் தொழில் மூலதனம் சொந்தபந்தத்தின் வழியே ஓடுகிறது என்பது நாம் எல்லோரும் அறிந்தது. அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-ல் எழுதியது இதை எண்ணில் காட்டியது. உள்ளூர்ச் சமூக வலைப்பின்னலுக்குள் இருந்தவர்களின் நிறுவனங்கள் அதிக மூலதனத்தோடு தொடங்கின. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கியும் வேகமாக வளர்ந்தார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போனது. அந்த உறவு இல்லாதவருக்கு அரசு மூலதனம் கொடுத்தே ஆக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் என்று வைத்தது அந்த வகையில் சரியான முடிவு. ஆனால் உறவு தருவது மூலதனத்தை மட்டுமா? எந்த வியாபாரியிடம் நூல் வாங்கலாம், எந்த பார்ட்டி பணத்தை இழுத்தடிப்பான், பழைய மிஷின் வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் மாமனும் மச்சானும் சொல்லித் தருகிறார்கள். முதல் ஆர்டர் நஷ்டமானால் இரண்டாவது ஆர்டர் வரை தாக்குப்பிடிக்க வைப்பதும் அவர்கள்தான். இவை எதுவும் இல்லாத ஒருவர் கையில் கடனை மட்டும் கொடுத்துவிட்டு, மானியம் விடுவித்த அன்றே கோப்பை மூடுவது சமூக நீதியில் பாதி வேலை. பட்டறை மூடிப்போனால் கடன் அவர் தலையில் நிற்கும், அடுத்த முறை வங்கி கதவைச் சாத்தும். பின்தொடரும் உதவி யாரையும்விட இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

அரசு ஊழியருக்கு வியாபாரம் தெரியுமா, அவர் யாருக்கு ஆலோசனை சொல்வது என்ற கிண்டலும் வரும். தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவரைக் கூட்டிவந்து கூலி கொடுப்பதுதான் அவர் வேலை. நிக்கலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் மும்பையைச் சுற்றியிருந்த நெசவு ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் மாதக் கணக்கில் நிர்வாக ஆலோசனை கொடுக்கப்பட்டது. ஸ்டாக் கணக்கு வைப்பது, மிஷின் பழுதைக் குறித்துவைப்பது, சேதாரத்தின் காரணத்தைத் தேடுவது போன்ற சாதாரண விஷயங்கள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது, மூன்று ஆண்டுகளில் அந்த நிறுவனங்கள் கூடுதல் ஆலைகளையும் திறந்தன. சந்தை விலையில் அந்த ஆலோசனைக்கு ஓர் ஆலைக்கு இரண்டரை லட்சம் டாலர் ஆகியிருக்கும் என்பதையும், எட்டொன்பது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கற்ற பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக்கு அந்த விலை கட்டாது. ஆனால் கொலம்பியாவில் வாகன உதிரிபாக நிறுவனங்களைத் தனித்தனியாக அல்லாமல் சிறு குழுக்களாகச் சேர்த்து ஆலோசனை கொடுத்தபோது, மூன்றில் ஒரு பங்குச் செலவிலேயே நல்ல பலன் கிடைத்தது. ஒரே தொழில் ஒரே தெருவில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது பொருந்தாமல் எதற்குப் பொருந்தும்? கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், ஒரு மில்லின் செலவையும் உற்பத்தியையும் மற்ற மில்களோடு ஒப்பிட்டு, எங்கே பின்தங்குகிறாய் என்று சொல்லும் ஆய்வுகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. மில் முதலாளிகளுக்குக் கிடைத்த அந்தக் கண்ணாடி பம்புப் பட்டறைக்கும் கிரைண்டர் பட்டறைக்கும் கிடைக்கட்டும். ஓய்வுபெற்ற ஆலைப் பொறியாளர்களுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் நம் ஊர்களில் குறைவில்லை. கட்டணத்தில் பாதியைத் தொழில் மையம் கொடுக்கட்டும், மீதியைப் பட்டறைக்காரர் கொடுக்கட்டும். பயனில்லை என்று பட்டால் அவரே நிறுத்திவிடுவார்.

பிழைத்த நிறுவனங்களை எண்ணச் சொன்னால், அதிகாரிகள் பிழைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே கடன் பரிந்துரைப்பார்கள் என்ற ஆபத்து நிச்சயம் இருக்கிறது. வசதி உள்ளவரின் மகனுக்குக் கையெழுத்து எளிதாகும், முதல் தலைமுறைக்காரருக்கு இன்னும் கடினமாகும். அதனால்தான் எண்ணிக்கையைத் திட்டவாரியாகவும் பிரிவுவாரியாகவும் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தின் தலித் தொழில்முனைவோரை இன்னொரு மாவட்டத்தின் தலித் தொழில்முனைவோரோடு ஒப்பிட வேண்டுமே தவிர, பரம்பரைத் தொழிலதிபர்களோடு அல்ல. தொழில் மூடுவதையும் குற்றமாகப் பார்க்கக் கூடாது. பத்தில் நான்கு மூடினாலும் மீதி ஆறில் இரண்டு பெருகினால் அது நல்ல கணக்கு. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பும் வேண்டாம். உத்யம் பதிவு எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் மானியக் கோப்பிலேயே இருக்கின்றன. ஆள் எண்ணிக்கை இ.எஸ்.ஐ., பி.எஃப். அலுவலகங்களில் இருக்கிறது, மத்திய அரசிடமிருந்து அதைக் கேட்டு வாங்க வேண்டும், இழுபறி இருக்கும். ஆனால் எந்தப் பட்டறையில் மோட்டார் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பது மாநில அரசின் சொந்த மின்பகிர்மானக் கழகத்துக்கு ஒவ்வொரு பில்லிலும் தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், அந்த ஆண்டு விடுவித்த மானியத்தின் அட்டவணைக்குப் பக்கத்தில், ஐந்து ஆண்டுக்கு முன் மானியம் பெற்றவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் மின்கட்டணம் வருகிறது என்ற ஒரு பத்தியைச் சேர்க்கலாம். வரும் கூட்டத்தொடரிலேயே எந்தக் கட்சி உறுப்பினரும் இதைக் கேள்வியாக எழுப்ப முடியும்.